எது கரையும், எது கரையாது, ஏன்?

உப்பும் சர்க்கரையும் தண்ணீரில் கரைகின்றன. எண்ணெய், மணல், சுண்ணாம்புக்கல் எல்லாம் ஏன் கரைவதில்லை? "ஒத்தது ஒத்ததைக் கரைக்கும்" என்று பள்ளியில் படித்த விதி போதுமா? சூடாக்கினால் எந்தப் பொருளும் கூடுதலாகக் கரையும்தானே? கேட்கப்பட்ட கேள்விகள் இவை மூன்றும்தான். மூன்றுக்கும் விடை ஒரே இடத்தில் இருக்கிறது. வழக்கமான விளக்கங்கள் கரைகிற பொருளைப் பற்றியே பேசி முடித்துவிடுகின்றன. அதைக் கரைக்கிற தண்ணீருக்கு அப்போது என்ன ஆகிறது என்று கேட்பதில்லை. விடை அங்கேதான் இருக்கிறது என்பதால் கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். முற்றிலும் கரையாத பொருள் என்று எதுவும் கிடையாது. கரைதிறன் என்பது ஓர் எண். அது மிகப் பெரியதாகவும் இருக்கலாம், மிகச் சிறியதாகவும் இருக்கலாம். 20 டிகிரி செல்சியஸில் 100 கிராம் தண்ணீர் சுமார் 36 கிராம் சமையல் உப்பை ஏற்கும். சர்க்கரை என்றால் ஏறத்தாழ 200 கிராம். சில்வர் குளோரைடோ ஒரு முழு லிட்டருக்கே 2 மில்லிகிராம்தான். பேரியம் சல்ஃபேட் 2.4 மில்லிகிராம். மணலில் உள்ள குவார்ட்ஸும் லிட்டருக்குச் சில மில்லிகிராம் கரையத்தான் செய்கிறது.

இந்தச் சின்ன எண்களை அலட்சியப்படுத்தக் கூடாது. பேரியம் அயனி உடலுக்கு நஞ்சு. இருந்தும் உணவுக்குழாய், குடல் ஆகியவற்றை எக்ஸ்ரே எடுப்பதற்கு முன் பேரியம் சல்ஃபேட் கலந்த வெள்ளைக் கலவையை நோயாளிக்குக் குடிக்கக் கொடுக்கிறார்கள். லிட்டருக்கு 2.4 மில்லிகிராம் என்ற அந்த எண்தான் அவரைக் காக்கிறது. அதன் உறவான பேரியம் கார்பனேட்டும் தூய நீரில் மிகக் குறைவாகவே கரையும்; பட்டியலில் பார்த்தால் அதுவும் 'கரையாத' பொருள்தான். ஆனால் வயிற்று அமிலம் பட்டதும் கார்பனேட் பகுதி கார்பன் டைஆக்சைடாகப் போய்விடும், பேரியம் கரைசலுக்குள் இறங்கிவிடும். எலிப் பாஷாணமாகப் பயன்பட்ட பொருள் அது. எனவே ஒரு பொருள் கரையுமா என்று கேட்பதோடு, எதில், எந்த வெப்பநிலையில், எவ்வளவு என்பதையும் சேர்த்தே கேட்க வேண்டும்.

இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். எவ்வளவு கரையும் என்பது வேறு, எவ்வளவு வேகமாகக் கரையும் என்பது வேறு. கலக்குவதும் பொடிப்பதும் வேகத்தை மட்டுமே கூட்டும். ஒரு சென்டிமீட்டர் பக்கமுள்ள கனசதுரப் படிகத்தை 0.1 மில்லிமீட்டர் துகள்களாக உடைத்தால் நீர் படும் பரப்பு 6 சதுர சென்டிமீட்டரிலிருந்து 600 ஆகிறது. கரைதல் அதற்கேற்ப விரைவுபடும். ஆனால் தெவிட்டிய கரைசலை, அதாவது இனி ஏற்க இடமில்லாத கரைசலை, எவ்வளவு நேரம் கலக்கினாலும் கூடுதலாக ஒரு துளியும் ஏறாது. தெவிட்டிய நிலையில் எல்லாம் ஓய்ந்துவிட்டது என்றும் எண்ண வேண்டாம். படிகத்திலிருந்து அயனிகள் பிரிந்துகொண்டே இருக்கின்றன, அதே வேகத்தில் திரும்பி வந்து ஒட்டிக்கொண்டும் இருக்கின்றன. மூலை உடைந்த படிகத்தை அதன் தெவிட்டிய கரைசலில் நீண்ட காலம் வைத்தால் எடை மாறாமலே மூலை சீராகிவிடுவதைப் பார்க்கலாம். இடைவிடாத போக்குவரத்து நடப்பதற்கு அது போதுமான சாட்சி.

இனி ஆற்றல் கணக்கு. ஒரு பொருள் கரைய மூன்று காரியம் நடக்க வேண்டும். பொருளின் துகள்கள் ஒன்றையொன்று விட வேண்டும். நீர் மூலக்கூறுகள் நடுவே இடம்விட வேண்டும். பிறகு துகளும் நீரும் பிணைய வேண்டும். முதல் இரண்டுக்கும் ஆற்றல் செலவு, மூன்றாவது வரவு. சோடியம் குளோரைடில், அதாவது சமையல் உப்பில், ஒரு மோல் (துகள்களை எண்ணும் வேதியியல் அலகு) படிகத்தைத் தனித்தனி அயனிகளாகப் பிரிக்க சுமார் 787 கிலோஜூல் வேண்டும். அது மிகப் பெரிய தொகை. நீர் மூலக்கூறுகள் அயனிகளைச் சூழ்ந்துகொள்ளும்போது அந்தத் தொகை ஏறக்குறைய முழுதும் திரும்பக் கிடைத்துவிடுகிறது. ஆனால் முழுதும் இல்லை, மோலுக்கு 4 கிலோஜூல் போலக் குறைகிறது. அந்தக் குறையை நீரின் வெப்பத்திலிருந்து எடுத்துக்கொள்வதால், உப்பு கரையும்போது நீர் லேசாகக் குளிர்கிறது.

ஆக, ஆற்றல் கணக்கில் உப்புக்கு நட்டம்தான். அப்படியிருந்தும் ஏன் கரைகிறது? இங்கே பெரும்பாலானோர் தடுமாறுகிறார்கள். "வலுவான பிணைப்பு உருவாகிறது, அதனால் கரைகிறது" என்ற விளக்கம் இந்த இடத்தில் செல்லாது. இயற்கை ஆற்றலை மட்டும் பார்த்து முடிவெடுப்பதில்லை. துகள்களும் ஆற்றலும் எத்தனை விதமாகப் பரவி இருக்க முடியும் என்பதையும் சேர்த்துப் பார்க்கிறது. அந்த அளவுக்குத்தான் என்ட்ரோபி என்று பெயர். படிகத்தில் இடம் மாறாமல் அடுக்கியிருந்த சோடியமும் குளோரைடும் கரைசலில் எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம். அறை வெப்பநிலையில் இதனால் வரும் ஆதாயத்தை ஆற்றல் அலகில் சொன்னால் மோலுக்கு சுமார் 13 கிலோஜூல். நட்டம் 4, ஆதாயம் 13. உப்பு கரைகிறது.

இப்போது சுண்ணாம்புக்கல்லுக்கு, அதாவது கால்சியம் கார்பனேட்டுக்கு, இதே கணக்கைப் போட்டுப் பாருங்கள். கரைதலைப் பற்றி எனக்கு மிகவும் பிடித்த எடுத்துக்காட்டு இதுதான். கால்சியம் கார்பனேட் நீரில் கரைவது வெப்பத்தை உமிழும் செயல்: மோலுக்கு சுமார் 13 கிலோஜூல் வரவு. உப்பை விட ஆற்றலில் இது மேலான நிலை. ஆனால் தூய நீரில் லிட்டருக்கு 10, 15 மில்லிகிராம் அளவில் நின்றுவிடுகிறது. காரணம் அந்த அயனிகளின் இரட்டை மின்சுமை. கால்சியம் இரண்டு நேர் சுமை, கார்பனேட் இரண்டு எதிர் சுமை. ஒற்றைச் சுமையுள்ள சோடியத்தைச் சுற்றி நீர் ஓரளவு தளர்ச்சியாகத்தான் நிற்கும். இரட்டைச் சுமை அப்படி விடுவதில்லை. அருகிலுள்ள நீர் மூலக்கூறுகளை இழுத்து, திசை பார்த்து, அசையாமல் நிறுத்திவிடுகிறது. படிகத்திலிருந்து இரண்டு அயனிகள் விடுதலையாகும்போது அதைவிடப் பன்மடங்கு நீர் மூலக்கூறுகள் கட்டுண்டு போகின்றன. மொத்த என்ட்ரோபி குறைகிறது. ஆற்றல் அலகில் அந்த இழப்பு மோலுக்கு சுமார் 60 கிலோஜூல். 13 கிலோஜூல் வரவை வைத்துக்கொண்டு இதை ஈடுகட்ட முடியாது.

வெப்பத்தை விழுங்கும் உப்பு கரைகிறது, வெப்பம் தரும் சுண்ணாம்புக்கல் கரைய மறுக்கிறது. இந்த இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தவருக்கு, கரைதலில் நீரின் ஒழுங்கு எவ்வளவு பெரிய பங்கு வகிக்கிறது என்பதில் ஐயம் இருக்காது.

எல்லாத் தோல்வியும் இந்த வகை அல்ல என்பதையும் சொல்லியாக வேண்டும். சில்வர் குளோரைடில் சுமைகள் ஒற்றைதான், என்ட்ரோபியும் சாதகம்தான். ஆனால் வெள்ளிக்கும் குளோரைடுக்கும் இடையில் வெறும் அயனிக் கவர்ச்சி மட்டுமல்லாமல் எலக்ட்ரான்களைப் பகிரும் சகப்பிணைப்பும் ஓரளவு இருப்பதால் படிகம் எதிர்பார்ப்பதை விட இறுக்கமானது. அதைப் பிரிக்க ஆகும் செலவை நீரால் திருப்பித் தர முடிவதில்லை. மோலுக்கு 65 கிலோஜூல் போலப் பற்றாக்குறை. வெள்ளியின் ஃபுளோரைடோ 100 மில்லிலிட்டர் நீரில் 170 கிராமுக்கும் மேல் கரைந்துபோகும். லித்தியம் ஃபுளோரைடு 100 மில்லிலிட்டரில் சுமார் 0.13 கிராம், சீசியம் ஃபுளோரைடு 300 கிராமுக்கும் மேல். பெரிய செலவையும் பெரிய வரவையும் கழித்து மிஞ்சும் சிறு வித்தியாசத்தால் முடிவாகும் விஷயம் என்பதால்தான் எண்கள் இப்படித் தாவுகின்றன. கரைதிறன் விதிகளை மாணவர்கள் மனப்பாடம் செய்ய வேண்டியிருப்பதும் அதனாலேயே. இதில் அவர்களைக் குறைசொல்ல ஒன்றுமில்லை. சிறிய மிச்சத்தை ஊகத்தால் சொல்வது வல்லுநர்களுக்கே கடினம்.

எண்ணெய்க்கு வருவோம். எண்ணெயும் நீரும் ஒன்றையொன்று வெறுக்கின்றன, விலக்குகின்றன என்று எழுதுகிறார்கள். அது உண்மையல்ல. எண்ணெய் மூலக்கூறுக்கும் நீர் மூலக்கூறுக்கும் இடையே கவர்ச்சிதான் இருக்கிறது. நீருக்கும் காற்றுக்கும் இடையிலுள்ள பரப்பு இழுவிசை அறை வெப்பநிலையில் மீட்டருக்கு 72 மில்லிநியூட்டன். காற்றுக்குப் பதில் எண்ணெய் போன்ற ஹெக்சேன் திரவம் இருந்தால் அது 51 அளவுக்கு இறங்கிவிடுகிறது. காற்றின் பக்கத்தில் இருப்பதைவிட எண்ணெயின் பக்கத்தில் இருப்பது நீருக்குச் செலவு குறைந்தது என்பதே இதன் பொருள்.

பிறகு ஏன் கலப்பதில்லை? ஹெக்சேன் போன்ற ஹைட்ரோகார்பன் ஒன்றை அதன் திரவத்திலிருந்து எடுத்து நீருக்குள் கரைத்தால், அறை வெப்பநிலையருகே வெப்ப மாற்றம் ஏறத்தாழ பூஜ்ஜியம். ஆற்றல் தடையே கிடையாது! தடை முழுவதும் என்ட்ரோபியில் இருக்கிறது. நீர் மூலக்கூறுகள் ஒவ்வொன்றும் சுற்றியுள்ளவற்றோடு ஹைட்ரஜன் பிணைப்புகள் அமைத்து, நொடிக்குப் பல்லாயிரம் கோடி முறை கைமாற்றிக்கொண்டே இருக்கின்றன. நடுவே ஓர் எண்ணெய் மூலக்கூறு வந்தால் அதனோடு ஹைட்ரஜன் பிணைப்பு போட முடியாது. அதை ஒட்டி நிற்கும் நீர் தன் பிணைப்புகளை விட்டுக்கொடுக்கவும் விரும்புவதில்லை. ஆகவே எண்ணெய்ப் பக்கம் திரும்பாமல் பிற நீர்களோடு பிணைந்திருக்கும்படியான சில திசைகளிலேயே நிற்கிறது. பிணைப்பு போகவில்லை, அதனால் வெப்பச் செலவு இல்லை. சுதந்திரம் போய்விட்டது. அந்த இழப்புதான் எண்ணெயை வெளியே தள்ளுகிறது. எண்ணெய்த் துளிகள் ஒன்றுசேரும்போது நீரைத் தொடும் பரப்பு குறைகிறது, கட்டுப்பட்டிருந்த நீர் விடுபடுகிறது. எண்ணெய் மூலக்கூறுகள் ஒன்றையொன்று தேடிச் சேர்வதாகத் தோன்றுவது நமக்குத்தான். சேர்த்து வைப்பது நீர்.

எண்ணெய் மூலக்கூறைச் சுற்றி நீர் சிறு பனிக்கட்டிபோல் அமைகிறது என்று ஃபிராங்க், இவான்ஸ் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1945-இல் எழுதினார்கள். அந்தப் படத்தை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். அங்கே திடமான கூடு எதுவும் இல்லை. திசைகளில் ஒரு கட்டுப்பாடு மட்டுமே. நீர் மூலக்கூறு மிகச் சிறியது என்பதால், வேறொன்று உட்கார அளவுள்ள வெற்றிடம் நீரில் தற்செயலாகத் திறப்பதே அரிது என்ற காரணமும் சேர்ந்துகொள்கிறது. ஆனால் கண்டறிந்த உண்மை, அதாவது தடை என்ட்ரோபியில் உள்ளது என்பது, இன்றும் நிற்கிறது. 1959-இல் கௌஸ்மன் என்ற வேதியியலாளர் இதையே புரதங்களுக்குப் பொருத்திக் காட்டினார். புரதச் சங்கிலி தன் எண்ணெய்த்தன்மையுள்ள பகுதிகளை உள்ளே மறைத்துச் சுருண்டு வடிவம் பெறுவதில் பெரும் பங்கு இந்த விளைவுக்கு உண்டு. எண்ணெய் நீரில் கரையாததும், உங்கள் உடலில் ஒரு நொதி தன் வடிவில் நிலைப்பதும் ஒரே காரணத்தின் இரு முகங்கள். எனக்கு இதில் இன்னும் வியப்பு அடங்கவில்லை.

இந்த விளைவைப் படிப்படியாகப் பார்க்க வேண்டுமானால் ஆல்கஹால் வரிசையை எடுத்துக்கொள்ளலாம். மெத்தனாலும் எத்தனாலும் நீரோடு எந்த விகிதத்திலும் கலக்கும். நான்கு கார்பன் உள்ள பியூட்டனால் லிட்டருக்கு 70, 80 கிராம். ஆறு கார்பன் உள்ள ஹெக்சனால் சுமார் 6 கிராம். எட்டு கார்பன் உள்ள ஆக்டனால் அரை கிராம். தலையில் அதே ஒரு ஹைட்ராக்சில் தொகுதி. வால் இரண்டு கார்பன் நீளும்போதெல்லாம் கரைதிறன் ஏறத்தாழ பத்தில் ஒன்றாகிறது. சோப்பு இந்த இழுபறியைப் பயன்படுத்திக்கொள்கிறது. நீண்ட வால், சுமையுள்ள தலை. குறிப்பிட்ட செறிவைத் தாண்டியதும் மூலக்கூறுகள் வால்களை உள்ளே வைத்துச் சில நானோமீட்டர் அளவுள்ள உருண்டைகளாகச் சேர்கின்றன, எண்ணெய் அந்த உருண்டைகளின் உள்ளே போய்த் தங்குகிறது. சோப்பு எண்ணெயை நீரில் கரைத்துவிடுவதில்லை. நீரின் பார்வையிலிருந்து மறைத்து வைக்கிறது.

இப்போது "ஒத்தது ஒத்ததைக் கரைக்கும்" என்ற விதியைப் பற்றி. தொடக்கத்துக்கு நல்ல விதி. அயோடின் நீரில் லிட்டருக்கு 0.3 கிராம்தான் கரைகிறது, ஹெக்சேனில் எளிதாகக் கரைந்து ஊதா நிறம் தருகிறது. விதி சரியாகவே சொல்கிறது. ஆனால் இந்த விதியை நம்பிச் செல்லுலோஸைப் பாருங்கள். நீரில் தாராளமாகக் கரையும் குளுக்கோஸ் அலகுகள்தான் செல்லுலோஸில் கோத்திருக்கின்றன. ஒவ்வோர் அலகிலும் மூன்று ஹைட்ராக்சில் தொகுதிகள் மீதி இருக்கின்றன. நீரை 'ஒத்த' பொருள் இதைவிட வேறென்ன வேண்டும்? இருந்தும் பருத்தித் துணி நீரில் கரைவதில்லை. சங்கிலிகள் தமக்குள் ஹைட்ரஜன் பிணைப்பு போட்டு, அடுக்கடுக்காக நெருங்கிப் படிந்திருக்கின்றன. நீர் தர வருவது அவற்றிடம் ஏற்கெனவே இருக்கிறது. மேலும் ஆயிரக்கணக்கான அலகுகள் ஒரே சங்கிலியில் கட்டுண்டிருப்பதால், கரைந்தாலும் அவை தனித்தனியாக அலைய முடியாது. குளுக்கோஸுக்குக் கிடைக்கும் என்ட்ரோபி ஆதாயம் இதற்கு இல்லை. பென்சீன், ஹெக்சேன் இரண்டும் முனைவற்றவை, அதாவது மின்சுமை ஒரு பக்கம் ஒதுங்காத மூலக்கூறுகள். விதிப்படி இரண்டும் ஒன்றுதான். ஆனால் நீரில் பென்சீன் லிட்டருக்கு 1.8 கிராம், ஹெக்சேன் 10 மில்லிகிராம் அளவு. எது கரையும் என்று விதி ஓரளவு சொல்லும். எவ்வளவு என்று சொல்லாது. ஏன் என்று சொல்லவே சொல்லாது.

சூடாக்கினால் கூடுதலாகக் கரையுமா என்ற கேள்விக்கு, மேலே போட்ட கணக்கிலேயே பதில் இருக்கிறது. வெப்பத்தை உறிஞ்சிக் கரையும் பொருள் சூட்டில் கூடுதலாகக் கரையும். வெப்பம் உமிழ்ந்து கரையும் பொருள் சூட்டில் குறையும். பொட்டாசியம் நைட்ரேட் நிறைய வெப்பத்தை உறிஞ்சுகிறது: 0 டிகிரியில் 100 கிராம் நீருக்கு 13 கிராம், 100 டிகிரியில் 240 கிராமுக்கு மேல். சமையல் உப்பு உறிஞ்சுவது அற்பம். அதே இடைவெளியில் 35.7-இலிருந்து 39-க்கு நகர்கிறது, அவ்வளவுதான். கால்சியம் ஹைட்ராக்சைடு நேர்மாறு: அறை வெப்பநிலையில் லிட்டருக்கு 1.7 கிராமில் தொடங்கி, கொதிநீரில் 0.7 கிராமுக்கு இறங்கிவிடும். இங்கே ஒரு நுணுக்கம். சோடியம் ஹைட்ராக்சைடு கரையும்போது கை சுடும் அளவுக்கு வெப்பம் வெளிப்படுகிறது, ஆனாலும் சூட்டில் அதன் கரைதிறன் கூடுகிறது. முரண்பாடு இல்லை. கணக்கில் எடுக்க வேண்டியது தூய நீரில் போடும்போது வரும் வெப்பத்தை அல்ல, தெவிட்டும் தறுவாயில் கடைசியாகக் கரைகிற பகுதியின் வெப்ப மாற்றத்தை.

வாயுக்களுக்கு விதி எளிது. திறந்த வெளியில் அலைந்த மூலக்கூறு திரவத்துக்குள் அடைபடுகிறது. என்ட்ரோபியில் இழப்பு, வெப்பம் பெரும்பாலும் வரவு. எனவே சாதாரண வெப்பநிலைகளில் நீரைச் சூடாக்கினால் வாயு வெளியேறும். காற்றோடு சமநிலையில் உள்ள நன்னீரில் 0 டிகிரியில் லிட்டருக்கு 14.6 மில்லிகிராம் ஆக்சிஜன் இருக்கும். 25 டிகிரியில் 8.3 மட்டுமே. கோடையில் ஏரி மீன்கள் மூச்சுத் திணறுவதற்கு இது ஒரு காரணம்.

அழுத்தம் கூடினால் வாயு அதே விகிதத்தில் கூடுதலாகக் கரையும் என்று வில்லியம் ஹென்றி 1803-இல் காட்டினார். இந்த விதியின் மிகக் கொடிய வெளிப்பாடு கேமரூன் நாட்டின் நியோஸ் ஏரியில் நடந்தது. இருநூறு மீட்டர் ஆழமுள்ள அந்த எரிமலை ஏரியின் அடியில், இருபது வளிமண்டல அழுத்தத்தில், கார்பன் டைஆக்சைடு காலகாலமாகக் கரைந்து சேர்ந்திருந்தது. 1986 ஆகஸ்ட் 21 இரவு அடிநீர் ஏதோ காரணத்தால் மேலெழுந்தது. மேலே வர வர அழுத்தம் குறைந்து வாயு பிரிந்தது. குமிழிகள் இன்னும் நீரை மேலே இழுத்தன. வெளியேறிய வாயு தரையோடு தவழ்ந்து பள்ளத்தாக்குகளில் இறங்கி 1,700-க்கும் மேற்பட்ட மக்களைக் கொன்றது. பிறகு 2001-இல் ஏரியின் அடிவரை குழாய் இறக்கி, அந்த வாயுவைச் சிறிது சிறிதாக வெளியேற்றத் தொடங்கினார்கள்.

'கரைந்தது' என்று சொல்லப்படும் எல்லாமே இந்தக் கணக்குக்குள் வராது. தங்கம் இராஜ திராவகத்தில் (நைட்ரிக், ஹைட்ரோகுளோரிக் அமிலக் கலவையில்) மறைவது வேதிவினை. அங்கே தங்க உலோகம் இப்போது இல்லை, அதன் குளோரைடுச் சேர்மம்தான் இருக்கிறது. 1940-இல் ஜெர்மானியப் படை கோபன்ஹேகனுக்குள் நுழைந்தபோது, இயற்பியலாளர் நீல்ஸ் போர் நடத்திய ஆய்வகத்தில் இருந்த வேதியியலாளர் ஹெவஷி, இயற்பியலாளர்களான மாக்ஸ் ஃபான் லாவே, ஜேம்ஸ் ஃபிராங்க் இருவரின் நோபல் பதக்கங்களை இப்படித்தான் திராவகத்தில் மறைத்து அலமாரியில் வைத்தார். போர் முடிந்தபின் தங்கத்தை மீட்டெடுத்துப் பதக்கங்களை மறுபடி வார்த்துக் கொடுத்தார்கள். உப்புக் கரைசல் என்றால் நீரை ஆவியாக்கினாலே போதும், உப்பு திரும்பக் கிடைக்கும். இங்கே மீட்கவும் ஒரு வினை தேவைப்பட்டது.

கடைசியாக, அதிகம் பேசப்படாத ஒன்று. கரைதிறன் மூலக்கூறுக்கு மட்டும் சொந்தமான எண் அல்ல; அது எப்படி அடுக்கப்பட்டிருக்கிறது என்பதற்கும் சேர்த்துச் சொந்தம். குவார்ட்ஸும் படிக ஒழுங்கற்ற சிலிகாவும் வேதியியலில் ஒன்றே. ஆனால் ஒழுங்கற்றது நீரில் பத்து மடங்குக்கும் மேலாகக் கரைகிறது, லிட்டருக்கு நூறு மில்லிகிராமைத் தாண்டி. ஒழுங்காக இறுகிய அடுக்கைப் பிரிக்கச் செலவு கூடுதல், அவ்வளவே. மருந்துத் துறைக்கு இது வெறும் பாடப் புத்தக விஷயம் அல்ல. ஹெச்ஐவி நோய்க்கான ரிட்டோனாவிர் மருந்து 1996-இல் சந்தைக்கு வந்தது. 1998-இல் அதன் சில தயாரிப்புத் தொகுதிகள் கரைதல் சோதனையில் தோற்கத் தொடங்கின. ஆராய்ந்தபோது, அதே மூலக்கூறு வேறு விதமாக அடுக்கிய, அதுவரை எவரும் பார்த்திராத ஒரு படிக வடிவம் உள்ளே உருவாகியிருந்தது. அது பழையதைவிட நிலையானது, அதனாலேயே கரைதிறன் பல மடங்கு குறைவு. புதிய வடிவத்தின் விதைப் படிகங்கள் பரவிய இடங்களில் பழைய வடிவத்தைத் தயாரிப்பதே கடினமாகிவிட்டது. உயிர்காக்கும் அந்தக் கேப்சூல்களைச் சந்தையிலிருந்து திரும்பப் பெற்று, மருந்தை வேறு வகையில் கரைத்து அடைத்த புதிய கேப்சூல்களை உருவாக்கிய பிறகே நோயாளிகளுக்கு அதைக் கேப்சூலாக மறுபடி கொடுக்க முடிந்தது.